கீழே கொஞ்சம் இடம்

மாதத்தின் முதல் வியாழன், மாலை ஏழு மணி.
நரண்டேரா படைவீரர் சங்கக் கூடத்தில்
மின்விசிறி எப்போது கழன்று யார் தலையில் விழும் என்பது
மூன்று வருடமாக நிலுவையில் உள்ள விஷயம்.
நான் கூட்டக் குறிப்பு எழுதுபவள்.
துப்பாக்கி தொட்டதில்லை.
ஷைர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன்,
வேகமாகத் தட்டச்சு செய்வேன்,
அதனால் சேர்த்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் இருபத்தைந்து விடியலுக்கு
நாற்காலி நூற்றிருபது போதும் என்றார் ஹாலரன்.
முழங்கால்கள் போன வருடத்தைவிடக் கிழடாகிவிட்டன,
நூற்றைம்பது என்றாள்
வியட்நாமில் நர்ஸாக இருந்த மெர்ல்.
சாலையை மறிக்க அனுமதிக் கடிதம் நான் எழுத வேண்டும்.
மறுநாள் அலுவலகத்தில் நானே அதை வாங்கி
முத்திரை குத்துவேன்.
எக்காளம் ஊதும் பையன் மெல்பர்னுக்குப் படிக்கப் போய்விட்டான்.
போன வருடம் செல்போனில் போட்டோம்;
இசை உச்சியில் நிற்கையில்
ஒரு மெத்தை விளம்பரம் புகுந்தது.
முந்நூறு பேர் குனிந்த தலை நிமிராமல்
சிரிப்பை விழுங்கினோம்.

நான்காவது விஷயம், புதிய கல்.
பழையதில் பெயர்கள் பொரிந்து உதிர்கின்றன.
கருங்கல், மெருகிட்டது,
எழுத்து ஒன்றுக்குப் பதினொன்றரை டாலர்.
எல்லாம் சரி என்று தலையாட்டிய பிறகு
மெர்ல் சொன்னாள்:
"டுவயர் பையன்."

மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

எல். ஜே. டுவயர்.
ஆப்கானிஸ்தானிலிருந்து முழுதாகத் திரும்பியவன்.
இரண்டு வருடம் கோதுமைச் சிலோவில் லாரிகளை எடை போட்டான்.
மூன்றாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றங்கரை.

"இது சண்டையில் விழுந்தவர்களின் கல்" என்றார்
பொருளாளர் பெட்டிஃபர். "விதி அப்படி.
அவன் வீடு வந்து சேர்ந்தவன்."
"சேர்ந்தானா?" என்றாள் மெர்ல்.
"ஏழே எழுத்து, எண்பது டாலர் ஐம்பது சென்ட்" என்றார் கெவ்.
"பணம் பிரச்சினையே அல்ல" என்ற பெட்டிஃபர்
அடுத்த ஒன்றரை மணி நேரம் பணத்தைப் பற்றியே பேசினார்.
நடுங்கும் வலது கையை
மேசைக்கு அடியில் அவர் வைத்திருந்ததை
நான் குறிப்பில் ஏற்றவில்லை.

ஆநிரை மீட்டு விழுந்தவனுக்குக் கல் நட்டு,
மயிற்பீலி சூட்டி, பெயர் வெட்டி,
கள் படைத்த மொழி என்னுடையது.
மாடுகள் பட்டிக்குத் திரும்பி
மூன்று வருடம் கழித்து விழுந்தவனுக்கு
அதிலும் ஒரு வரி இருக்கலாம்.
எனக்குத் தெரியவில்லை.
நட்ட கல்லைப் பெயர்த்து
நிலத்தைச் சமன் செய்த ஊரிலிருந்து வந்தவள் நான்.
என் அண்ணனுக்கு ஏழு எழுத்து வேண்டாம்,
மெய்யெழுத்தின் புள்ளிகூடக் கிடைக்கவில்லை.
அதை இங்கே யாரும் கேட்டதில்லை,
எனக்கு வாக்கும் இல்லை.

எதிராக ஐந்து, ஆதரவாக நான்கு.
தீர்மானம் விழுந்தது.
அப்படித்தான் அடித்தேன்: விழுந்தது.

மார்ச்சில் வாகாவிலிருந்து கல்தச்சர் வந்தார்.
வரைபடத்தை விரித்து,
கடைசிப் பெயருக்குக் கீழே பென்சிலை ஊன்றிக் கேட்டார்:
"இங்கே எவ்வளவு விடட்டும்?"
ஒன்பது பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.
"ஒரு வரி" என்றார் பெட்டிஃபர்.
"தாராளமாக."
"வெறும் இடத்துக்கும் மெருகுக் கூலி உண்டு."
"போடுங்கள்."
எதற்கென்று யாரும் கேட்கவில்லை.
குறிப்பில் எழுதினேன்:
கீழே பதினைந்து சென்டிமீட்டர், மெருகுடன். ஒருமனதாக.

விடியலில் நாற்காலி பற்றவில்லை.
திருமதி டுவயர் பின்வரிசையில் நின்றிருந்தார்,
கையில் கார் சாவி.
பள்ளியின் கேடட் சிறுமி ஒருத்தி
மலர்வளையத்தோடு மண்டியிட்டாள்.
கிழக்கு வெளுத்து,
கல்லின் அடியில், அந்த வெற்றுப் பட்டையில்
அவள் முகம் தெரிந்தது,
அளவெடுத்து விட்டதுபோல்.

இடம் யாருக்கு என்று
குறிப்பில் எழுதியிருக்க வேண்டும்.